போத்தலுக்குள் போன மருந்து

சென்ற மார்கழி விடுமுறையில் நாம் மாம்புரிக்குச் சென்றிருந்தோம். பாலாவியிலிருந்து கற்பிட்டிப் பாதையில் திரும்பிச் சற்றுத் தூரம் போனால் மண்ணின் நிறமே மாறிவிடும். எங்கும் வெண்மணல், அந்த மணலிலே பாத்தி பாத்தியாக வெங்காயம், மிளகாய். ஒரு பக்கம் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி. மறு பக்கம் 2010-ஆம் ஆண்டு தொடக்கம் கடற்காற்றிலே சுழன்றுகொண்டிருக்கும் காற்றாடிக் கோபுரங்கள். எமது ஒன்றுவிட்ட தமக்கையாரின் இல்லம் அங்கேதான் இருக்கிறது. நாம் போய்ச் சேர்ந்த பொழுது வீட்டிலே ஒரு கலக்கம். அவரது மகனுக்கு, அதாவது எமது மருமகனுக்கு, மூன்று நாட்களாகக் காய்ச்சல். பதினேழு வயதுப் பிள்ளை. முதல் நாள் முதுகு வலி, கண்வலி. மூன்றாம் நாளில் வாந்தியும் வயிற்று வலியும். குடித்த நீரெல்லாம் வெளியே வந்துவிட்டது என்றார் தமக்கையார்.

நாம் காலைக் கழுவி உள்ளே போவதற்குள் வாசலிலே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வெள்ளைச் சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் பையொன்றுடன் இறங்கினார். தொலைபேசியிலே சொன்னால் வீடு தேடி வந்து சேலைன் ஏற்றுபவராம். வளையிலே அடித்திருந்த ஆணியில் போத்தலைத் தொங்கவிட்டார். பையிலிருந்து மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகளை எடுத்தார், கழுத்தை முறித்தார், மருந்தை உறிஞ்சி ஒன்றன்பின் ஒன்றாகப் போத்தலுக்குள்ளேயே செலுத்தினார்.

"வாந்திக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, நெஞ்செரிவுக்கு ஒன்று. எல்லாம் சேர்த்தே போட்டிருக்கிறேன் அக்கா. போத்தல் முடிய இந்தச் சக்கரத்தைப் பூட்டிவிட்டு எனக்கு ஒரு கோல் எடுங்கோ."

திண்ணையில் இருந்த ஆச்சி, தமக்கையாரின் மாமியார், எண்பதை எட்டியவர், மெல்ல எழுந்து வந்தார்.

"உதுக்குள்ள என்ன தம்பி இருக்கு?"

"சேலைன் ஆச்சி. உடம்புக்குத் தண்ணி."

"தண்ணியெண்டால் வாயால குடிக்க ஏலாதோ?"

இளைஞர் சிரித்தார். உள்ளதைச் சொன்னால் நாமும் சிரித்தோம். கால் மணி நேரத்தில் அவர் போய்விட்டார். நுரைச்சோலைப் பக்கம் இன்னுமொரு வீடு காத்திருக்கிறது என்றார்.

ஒரு மணி நேரத்தில் வாந்தி நின்றது. வயிற்று வலியும் போயிற்று. பிள்ளை உறங்கினான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடும் குறைந்திருந்தது. வீட்டார் முகத்திலே வெளிச்சம் வந்தது. பட்டம் பெற்றவர், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்பவர் என்ற பெயரெல்லாம் உள்ள நாமும் அவர்களோடு சேர்ந்து மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பொழுது சாய்கையில் ஆச்சிதான் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "கால் ஏன் இப்பிடிக் குளிருது?" என்றார். எழுப்பினால் கண்ணை விழித்து உடனே மூடிக்கொண்டான். 1990 என்ற எண்ணை அழைத்தோம். சுவசெரிய வண்டி வந்தது.

ஆசுபத்திரியிலே வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பது. எமக்குத் தெரியவில்லை, தமக்கையாருக்கும் தெரியவில்லை. அந்த இளைஞரின் தொலைபேசி எடுபடவில்லை. அப்பொழுது ஆச்சி தம் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். உடைந்த கண்ணாடி குழந்தைகளின் காலிலே குத்திவிடுமென்று பொறுக்கி வைத்திருந்த மூன்று குப்பிகளும் ஒரு துணித் துண்டிலே சுற்றப்பட்டு அதற்குள் இருந்தன. வைத்தியர் அவற்றை விளக்கிலே பிடித்து வாசித்தார். மெட்டோகுளோப்ரமைட், டைக்ளோபெனாக், பேமோட்டிடின். இரண்டாவதை வாசித்ததும் அவருடைய முகம் மாறிற்று.

பிள்ளைக்கு வந்திருந்தது டெங்கு. ஆறு நாள் ஆசுபத்திரியில் இருந்து நலத்தோடு வீடு திரும்பினான். அதனால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது. அந்த ஆறு நாட்களில் நாம் கேட்டறிந்தவற்றையும் பின்னர் தேடிப் படித்தவற்றையும் இப்பகுதியை வாசிக்கும் குடும்பத்தினருக்குச் சொல்லவேண்டுமென்று தோன்றிற்று.

முதலில் போத்தல். சாதாரண சேலைன் என்பது நூற்றுக்கு 0.9 பங்கு உப்புக் கலந்த தூய நீர். அரை லீற்றர்ப் போத்தலிலே உள்ள உப்பு நாலரைக் கிராம். தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. குளுக்கோஸ் போத்தலோ நூற்றுக்கு ஐந்து பங்கு சர்க்கரை. அரை லீற்றரில் 25 கிராம். அது தரும் சக்தி ஒரு பெரிய வாழைப்பழம் தருவதை எட்டாது. உழைத்துக் களைத்த உடம்புக்கு 'ஒரு போத்தல் ஏற்றினால் தெம்பு' என்று நம்பி ஆயிரக்கணக்கிலே கொடுப்போர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. மஞ்சள் நிறப் போத்தலுக்கு மதிப்பு இன்னும் அதிகம். அந்த மஞ்சள் பெரும்பாலும் பி இன விற்றமின் ஒன்றின் நிறமே. உடம்புக்கு வேண்டியது போக மிச்சமெல்லாம் சில மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறும். அதுவும் மஞ்சளாகவே வெளியேறும்.

இவ்வளவு எளிய நீர் உயிர் காத்த வரலாறு பெரிது. 1831-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வாந்திபேதி பரவியபோது ஓஷானசி என்ற இளம் ஐரிஷ் வைத்தியர், இறப்போரின் குருதியிலே நீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதை ஆராய்ந்து கண்டார். (இவரே பின்னாளில் வங்காளத்துக்கு வந்து இந்தியாவிலே தந்திக் கம்பி நாட்டியவர்.) அதைப் படித்த தோமஸ் லாட்டா என்ற வைத்தியர் 1832-இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில், நாடி அடங்கிக் கிடந்த ஒரு மூதாட்டியின் சிரையிலே உப்பு நீரைச் செலுத்தினார். ஏறத்தாழ மூன்று லீற்றர் உள்ளே போனதும் குழிந்த கண்கள் ஒளி பெற்றன, குளிர்ந்த கைகள் சூடேறின, மூதாட்டி பேசினாள். இனிப் பயமில்லை என்றெண்ணி, அவளை அங்கிருந்த ஆசுபத்திரி வைத்தியரின் பொறுப்பில் விட்டு லாட்டா போய்விட்டார். அவர் போனபின் பேதி மீண்டது. நீர் மறுபடி செலுத்தப்படவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் மூதாட்டி இறந்தாள். மீண்டும் செலுத்தியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று லாட்டாவே எழுதிவைத்தார். சிரை வழி நீர் ஏற்றுதலின் முதற் பக்கத்திலேயே இந்தப் பாடம் எழுதப்பட்டுவிட்டது. மோட்டார் சைக்கிள் புறப்பட்டுப்போன சத்தம் இப்போதும் எம் காதில் இருக்கிறது.

போத்தலுக்குள்ளே வேறொன்றைச் சேர்ப்பதும் புதிதன்று. 1932-இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் ஹார்ட்மன், நோயுற்ற குழந்தைகளின் குருதியிலே அமிலத் தன்மை மிகுவதைத் தணிப்பதற்காக உப்பு நீரிலே லாக்டேட் என்ற பொருளைச் சேர்த்தார். 'ஹார்ட்மன்' என்று எமது ஆசுபத்திரிகளில் வழங்குவது அதுவே. ஆனால் அவர் சேர்த்தது, குருதியிலே என்ன குறை என்று அளந்து பார்த்த பின்பு. இன்றைக்கு ஊர் ஊராகப் போகும் போத்தல்களிலே சேர்க்கப்படுபவை அப்படியானவை அல்ல.

செல்வம் மிக்க நாடுகளிலே இது ஒரு வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. 2012-இல் லாஸ் வேகஸ் நகரிலே மயக்க மருந்துத் துறை வைத்தியர் ஒருவர், மது மயக்கம் தெளியாதோருக்குச் சேலைன் ஏற்றுவதற்கென்றே ஒரு பேருந்தை ஓடவிட்டார். பின்னர் வீட்டுக்கு வந்தும் விடுதிக்கு வந்தும் ஏற்றுகிறார்கள். சாப்பாட்டுக் கடையிலே சோற்றோடு பொரியல் வேண்டுமா, அப்பளம் வேண்டுமா என்று கேட்பதைப் போல, நீரோடு வாந்தி மருந்து வேண்டுமா, வலி மருந்து வேண்டுமா, அமில மருந்து வேண்டுமா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. துபாயிலே தொழில் பார்க்கும் எம்மவர் பலர் இந்த விளம்பரங்களைக் கண்டிருப்பார்கள். டெக்ஸாஸ் மாநிலத்தில் 2023-இல் அழகு நிலையம் போன்ற ஓரிடத்தில் இவ்வாறு ஏற்றிக்கொண்ட பெண்மணியொருவர் இறந்துபோனார். வைத்தியர் அலுவலகத்துக்கும் ஆசுபத்திரிக்கும் வெளியே சேலைன் ஏற்றுவதானால் தகுதியுள்ளோர் கட்டளையும் மேற்பார்வையும் வேண்டுமென்று அம்மாநிலம் 2025-இல் சட்டம் செய்தது. அதற்கு அந்தப் பெண்மணியின் பெயரையே வழங்குகிறார்கள்.

சேர்க்கப்படும் மருந்துகள் கெட்ட மருந்துகளா? அல்லவே அல்ல. ஒன்டான்செட்ரோன் என்ற வாந்தி மருந்து புற்றுநோய்ச் சிகிச்சையிலே வாடியோருக்குப் பெரும் வரமாக வந்தது. ஆயினும் அது சிலருக்கு இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். அதனாலேயே 32 மில்லிகிராமை ஒரே தடவையில் சிரை வழியே கொடுக்கும் முறையை 2012-இல் அமெரிக்கா நிறுத்தியது. வாந்தியாலும் பேதியாலும் உடம்பிலே பொட்டாசியம் குறைந்தவருக்கு அந்த ஆபத்து அதிகம். வாந்தி மருந்தை நாடுவோரோ அவர்களேதாம்.

எமது பிள்ளைக்கு ஏறிய மெட்டோகுளோப்ரமைட் வேறொரு குறும்பு செய்ய வல்லது. இளம் வயதினர் சிலருக்கு அது ஏறிய சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் முறுகிக்கொள்ளும், கண்கள் மேலே செருகும், தாடை இறுகும். ஆசுபத்திரியிலே மாற்று ஊசி போட்டால் விரைவில் தீரும் தொல்லைதான். அறியாதவர்கள் பேய் பிடித்ததென்று விபூதி தேடி ஓடுவார்கள்.

வலி மருந்துதான் இவற்றுள் வில்லங்கமானது. மேலைநாட்டுப் போத்தல்களிலே பெரும்பாலும் கெட்டோரோலாக், இங்கே டைக்ளோபெனாக். இரண்டும் ஒரே குடும்பம். இவை சிறுநீரகத்துக்குப் போகும் குருதியோட்டத்தைக் குறைப்பவை. உடம்பிலே நீர் வற்றியிருப்பவருக்கு அதனால் சிறுநீரகம் பழுதுபடலாம். நீர் வற்றிச் சிறுநீரகம் பழுதடையும் நிலையில் உள்ளவருக்குக் கெட்டோரோலாக் கொடுக்கலாகாது என்று அதன் உறையிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. நீர் வற்றியது என்றுதானே போத்தல் வந்தது! அந்தப் போத்தலுக்குள்ளேயே நீர் வற்றியோருக்கு ஆகாத மருந்தையும் கரைத்துவிடுகிறோம். மேலும் டைக்ளோபெனாக் ஊசியை நேரே சேலைனில் கலத்தலுமாகாது. பைகார்பனேட் சேர்த்துப் பதப்படுத்திய நீரிலேதான் கலக்கவேண்டும் என்பது அதைச் செய்வோர் விதி. ஒரு மருந்தோடு இன்னொன்று சேருமா என்பது தனிச் சாத்திரம். செப்ட்ரையக்சோன் என்ற கிருமிக்கொல்லி கல்சியம் உள்ள ஹார்ட்மன் நீரோடு சேர்ந்தால் படிகமாகத் திரண்டுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட வைத்தியர் எமக்குச் சொன்ன இன்னொரு விஷயந்தான் மனத்திலே தைத்தது. டெங்குவிலே காய்ச்சல் அடிக்கும் வேளை அவ்வளவு ஆபத்தானதன்று. காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. மூன்றாம் நாளுக்குப் பிறகு, சிலருக்கு, நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் ஒழுகத் தொடங்குகிறது. குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் கசிகிறது. ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை இந்தக் கசிவு நீடிக்கும். அது வருகிறது என்று வீட்டிலிருப்போருக்கு அறிவிக்கும் குறிகள் சில உண்டு: ஓயாத வாந்தி, வயிற்று வலி, சோர்வு, அமைதியின்மை, முரசிலோ மூக்கிலோ இரத்தம். முதல் இரண்டு குறிகளையும் எமது வீட்டிலே மூன்று குப்பி மருந்து அழித்துவிட்டது. நோய் தன் வழியே போய்க்கொண்டிருந்தது. மணி அடிப்பவனை மட்டும் உறங்க வைத்துவிட்டோம்.

டெங்குவிலே குருதிச் சிறுதட்டுக்களும் குறையும். குருதி உறைவது கடினமாகும். அந்நேரத்திலே டைக்ளோபெனாக், ஐபியூப்ரோபென், அஸ்பிரின் போன்றவை இரைப்பையிலே இரத்தம் கசியச் செய்யலாம். குப்பியை வாசித்த வைத்தியரின் முகம் மாறியது இதனால்தான். மருந்தை விட்டாலும் வெறும் நீரே அளவு தவறினால் பகையாகும். கசிந்த நீர் இரண்டு நாளுக்குப் பின் மீண்டும் இரத்தக் குழாய்க்குள் திரும்பும். முன்பே மட்டுமீறி ஏற்றியிருந்தால் அது நுரையீரலிலே தேங்கி மூச்சை அடைக்கும். ஆகவே மணிக்கு எத்தனை துளி என்று, நாடியையும் இரத்த அமுக்கத்தையும் சிறுநீரையும் அளந்து அளந்து, ஆசுபத்திரியிலே தாதிமார் இரவு முழுதும் விழித்திருந்தார்கள். எமது மருமகனின் கட்டிலண்டை தொங்கிய தாளிலே மணிக்கொரு வரி எழுதப்பட்டிருந்ததை நாம் கண்டோம். 2017-ஆம் ஆண்டில் இத்தீவிலே 1,86,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 440 பேர் இறந்தனர். அவ்வளவு பேரிலே இறப்பு அவ்வளவில் நின்றதற்கு இத்தகைய தாள்களே பெருங் காரணம் என்பது எமது எண்ணம்.

அப்படியானால் வீட்டிலே வைத்து ஊசியால் நோவாற்றுதல் என்றுமே தவறோ? இல்லை. 1993-இல் கோழிக்கோட்டிலே தொடங்கிய வலி நிவாரணப் பணி இன்று கேரளம் முழுவதும் பரவி, தீராப் புற்றுநோயால் கிடப்போரின் வீடுகளுக்குத் தாதியரை அனுப்பி வைக்கிறது. வலிக்கும் வாந்திக்கும் அங்கே வீட்டிலேயே மருந்து கொடுக்கிறார்கள். அங்கே நோய் இன்னதென்று முன்பே தெரியும். குறியை அடக்குவதே சிகிச்சை. வைத்தியரின் எழுத்து கையிலே இருக்கும். நாளை மறுபடியும் வருவார்கள். மூன்று நாட் காய்ச்சலோ இன்னும் பெயர் தெரியாத நோய். அதன் குறியை அடக்கிவிட்டால் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

இனி ஆச்சியின் கேள்விக்கு வருவோம். வாயால் குடிக்க ஏலாதோ? ஏலும் என்பதை நிறுவவே உலகத்துக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உப்போடு குளுக்கோசும் சேர்ந்தால் பேதி நேரத்திலும் குடல் நீரை உறிஞ்சும் என்ற உண்மையை வைத்து, 1968-இல் டாக்காவிலே குடிநீர்க் கரைசல் பரீட்சிக்கப்பட்டது. 1971-இல் வங்காள அகதிகள் பொங்காவ் முகாமிலே வாந்திபேதியால் மடிந்தபோது, வைத்தியர் திலீப் மகலநபிஸ் சேலைன் போத்தல்கள் தீர்ந்துபோன நிலையில் அந்தக் கரைசலைக் கலக்கி உறவினர் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் இறந்த இடத்தில் இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. தாய்மாரும் தமக்கைமாரும் கோப்பையும் கையுமாக இருந்து செய்த வைத்தியம் அது. மகலநபிஸ் 2022-இல் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் அளித்தது.

எமது நாட்டிலே அக்கரைசல் 'ஜீவனி' என்ற பெயரிலே கிடைக்கிறது. ஒரு பொட்டலத்தைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் முழுவதுமாகக் கரைக்கவேண்டும். பாதி பாதியாகக் கரைத்தால் அளவு கெடும். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடரலாம். காய்ச்சற்காரருக்கு, ஐம்பது கிலோவுக்கு மேற்பட்டவரானால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2500 மில்லிலீற்றர்: ஜீவனி, இளநீர், கஞ்சி, பழச்சாறு எல்லாம் சேர்த்து. சிவப்பு நிறப் பானமும் கபில நிறப் பானமும் வேண்டாம்; பிறகு வாந்தியிலே இரத்தம் இருந்தால் அடையாளம் தெரியாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், ஆறு மணிக்கொரு தடவை, நிறைக்கு ஏற்ற அளவு. மூன்றாம் நாளிலே இரத்தப் பரிசோதனை. குடித்தது எதுவுமே தங்கவில்லை என்றால் அப்பொழுது வேண்டியது சேலைனேதான். ஆனால் அது அளந்து ஏற்றும் இடத்திலே வேண்டும்.

கடலோர ஊர்களிலே இரவு நேரத்தில் வண்டி கிடைப்பது எவ்வளவு சிரமம், ஒரு நாள் கூலியை விட்டு ஆசுபத்திரி வரிசையிலே நிற்பது வெங்காயத் தோட்டக்காரருக்கு எவ்வளவு நட்டம் என்பதெல்லாம் எமக்குத் தெரியாததன்று. வாசலுக்கு வரும் போத்தல் அந்தச் சிரமத்தைப் பார்த்துத்தான் வருகிறது. எமது தமக்கையாரும் பிள்ளையின் நோவைப் பார்க்கப் பொறுக்காமலே அழைத்தார், நாமும் பக்கத்தில் இருந்தோம், தடுக்கவில்லை.

தை பிறந்து இரண்டு வாரத்துக்குப் பின் தமக்கையார் தொலைபேசியிலே ஒரு செய்தி சொன்னார். அடுத்த வீட்டிலே ஒருவருக்கு இடுப்பு வலியும் அசதியும். அதே இளைஞர் பையோடு வந்தாராம். ஆச்சி வேலியண்டை போய் நின்று, "தம்பி, இண்டைக்கு என்ன கலக்கிறாயெண்டு பேரையும் நேரத்தையும் ஒரு கடதாசியில எழுதி, உன்ர கையெழுத்தும் வைச்சுத் தந்திட்டு ஏத்து" என்றாராம். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு குப்பிகளைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, கற்பிட்டி ஆசுபத்திரியிலே காட்டுவது நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.